அச்சாரம் வாங்கிய ஏழு கடுவன்கள்

"ஏழு குட்டி. ஏழும் கடுவன் நாய். ஏழுக்கும் அந்த ஈற்றிலேயே பெரிய தலை" என்று சொல்லிவிட்டுத் துப்பறியும் அருட்பிரகாசம் ஓட்டோவுக்குள் ஏறிக் குந்தினார்.

சரிபுதீன் முன்கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "எல்லாருக்கும் பெரிய தலை எண்டா, சின்னத் தலை ஆருக்கு சேர்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

"எங்களுக்குப் போல."

உப்புக்குளத்துச் சரிபுதீன் நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு ஓட்டோவுக்குச் சொந்தக்காரன், அருட்பிரகாசத்துக்கு உதவியாள். இந்த மூன்றில் இரண்டாவதால் மட்டும்தான் வருமானம். அருட்பிரகாசம் ஒரு காலத்தில் தலைமன்னார் ரயிலில் ரிக்கற் பரிசோதகராக இருந்தவர். ரிக்கற் எடுக்காதவனை முகத்தில் கண்டுபிடிப்பார். சண்டைக் காலத்தில் தண்டவாளமே இல்லாமல் போனதும், பழக்கத்தை விட முடியாமல் ஊரில் கண்டுபிடிக்கத் தொடங்கினார்.

அது நாட்டில் பெற்றோலும் பால்மாவும் காணாமல் போயிருந்த வருசம். கள்ளருக்கு மட்டும் தட்டுப்பாடு வரவில்லை. பேசாலைப் பக்கம் ஒருவருடைய கிணற்றைக் களவெடுத்தவர்கள் குழியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்களாம். ஆடு வைத்திருந்தவருக்கும் வலை வைத்திருந்தவருக்கும் காவலுக்கு நாய் வேண்டியிருந்தது. தாழ்வுபாட்டு மீனவன் கிறகரியிடம் லிண்டா என்றொரு அல்சேசன் பெட்டை இருந்தது. அது ஈனுவதற்கு முதலே குட்டிகளுக்கு ஏழு பேர் அச்சாரம் கொடுத்தார்கள்.

அச்சாரக் காசில் கிறகரி ஈட்டில் கிடந்த தன் வள்ள எஞ்சினை மீட்டான். காசு எஞ்சினுக்குள் போய்விட்டதால் ஒரு உடன்படிக்கை எழுதப்பட்டது. எழுதியவர் ஏழு பேரில் ஒருவர், பழைய கந்தோர்க் கிளாக்கர் தோமஸ். குட்டி கொடுக்காவிட்டால் எஞ்சின் ஏழு பேருக்கும் சொந்தம். குட்டி களவு போனால் மட்டும் அடுத்த ஈற்று வரைக்கும் பொறுப்பது. அப்படித்தான் இப்போது ஏழு குட்டியும் களவு போயிருந்தன.

களவு என்றால் எஞ்சின் கிறகரிக்கு. களவில்லை என்றால் எஞ்சின் போய்விடும். எஞ்சின் போனால் அவன் கடலுக்குப் போக முடியாது. அந்த வீட்டில் வேறு உழைப்பு இல்லை.

"காலமை தொடக்கம் ஏழு பேரையும் விசாரிச்சாச்சு" என்றார் அருட்பிரகாசம். "ஒருத்தரும் குட்டியைக் கண்ணால காணேல்லை. ஆனா ஒவ்வொருத்தரும் தன்ர குட்டியின்ர வால் நுனியில என்ன நிறம் எண்டு வரைக்கும் சொல்லுகினம்."

"அதெப்பிடி சேர்?"

"போனில."

அந்தக் கரையில் நாய் வளர்க்கிற வீடுகளில் ஒரு வழக்கம். குட்டி கண் திறக்கும்வரை வெளியாளுக்குக் காட்டுவதில்லை. கண்ணூறு பட்டால் தாய் பால் மறுத்துவிடும். ஆகவே அச்சாரம் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கொடுத்தனுப்புவார்கள். வீட்டுக்காரி அதைக் குட்டியின் கழுத்தில் கட்டி, குட்டி எப்படியிருக்கிறதென்று போனில் சொல்லுவாள். கண் திறந்ததும் வந்து பார்ப்பது, பால் மறந்ததும் கொண்டுபோவது. பார்க்க வரும் நாளுக்கு முதல் நாள்தான் களவு.

"போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே?"

"கமராவும் ஒரு கண்தானே எண்டு கிறகரியின்ர மனுசி சொன்னவவாம். வண்டியை எடும். அங்கதான் போறம்."

"சேர், எங்கட கூலி?"

"குட்டி கிடைச்சா ஒரு குட்டி."

சரிபுதீன் சாவியைத் திருப்பினான். "நாய் எச்சில் பட்டா எங்கட மார்க்கத்தில நான் ஏழு தரம் கழுவ வேணும். சவுக்காரம் விக்கிற விலைக்குக் கூலியை நான் கேக்காமலே விடுறன்."

*

கிறகரியின் வீட்டு விறாந்தையில் எஞ்சின் ஒரு மரத்தாங்கியில் நிமிர்ந்து நின்றது. அதன்மேல் பூப்போட்ட படுக்கைவிரிப்பு. வீட்டிலிருந்த இரண்டு விரிப்புகளில் நல்லது அதுதான் என்பது கொடியில் காய்ந்த மற்றதைப் பார்க்கத் தெரிந்தது.

கிறகரி நாற்பது வயதுக்காரன், வெயிலில் கறுத்துப்போனவன். பேசிக்கொண்டே விரிப்பின் சுருக்கை இழுத்துவிட்டான். "நான் மீன்வாடியிலயிருந்து முந்தாநாள்தான் வந்தனான் ஐயா. வந்து பாத்தா சாக்குத்தான் கிடக்கு. அது உயிலங்குளத்துச் சிங்கராசான்ர வேலை."

சிங்கராசா, லிண்டாவுக்குச் சேர்க்கை கொடுத்த கடுவனின் சொந்தக்காரர். சேர்க்கைக்குக் கூலியாகக் குட்டிகளில் முதல் தெரிவு அவருக்கென்று பேச்சு.

"ஏன் அவரைச் சொல்லுறீர்?"

"மற்ற எல்லாரும் நாள் தவறாம எடுத்துக் கேட்டவை. இந்த மனுசன் ஒருநாளும் ஒரு போன்கோல் எடுக்கேல்லை. களவெடுக்கப் போறவன்தானே கேக்காம இருப்பான்?"

"நீர் குட்டியளைக் கண்டனீரோ?"

"எங்க காணுறது? ஈனேக்க நான் வாடியில."

குசினிக்குப் பின்னால் சாய்ப்புக் கூரையாகப் பத்தி இறக்கிய இடத்தில் லிண்டா சாக்கின்மேல் படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவே மூன்று தென்னங்குரும்பையும் ஒரு றப்பர்ச் செருப்பும். செருப்பை அது தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பக்குவமாக நக்கிக்கொண்டிருந்தது. அருட்பிரகாசம் குனிந்து ஒரு குரும்பையை எடுத்தார். லிண்டா கடிக்கவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பல்லுக்குள் மெல்லப் பிடித்துக்கொண்டு, அவர் குரும்பையைக் கீழே வைக்கும்வரை அவரையே பார்த்தது.

சரிபுதீன் வேலிக்கு அப்பால் நின்றான். "செருப்பை நக்குது சேர். விசரோ?"

"குட்டி போன கவலை" என்றாள் கிறகரியின் மனைவி றோஸ்மேரி. மெலிந்த பெண். அவள் கையில் நிலம் தேய்க்கிற தும்புத்தடி இருந்தது.

"எங்கட மாமி வீட்டில பூனை மூண்டு குட்டி போட்டு, ஒரு மாசம் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சோறு திண்டனாங்கள்" என்றான் சரிபுதீன். "இங்க ஏழு குட்டி கிடந்த இடம் கலியாண வீடு மாதிரிக் கிடக்கு."

"நான் கழுவினனான்."

"களவு நடந்த இடத்தை ஏன் பிள்ளை கழுவினனீர்?" என்று கேட்டார் அருட்பிரகாசம்.

"அழுகை வந்தது ஐயா. எனக்கு அழுகை வந்தா நான் எதையாவது கழுவுவன்."

அவள் சொன்னது உண்மையென்று சரிபுதீனுக்குப் பட்டது. அந்த வீட்டில் முற்றம், சட்டி, பானை, வாசற்படி எல்லாமே கழுவிக் கழுவி வெளிறிப் போயிருந்தன.

படலையடியில் தோமஸ் வந்து நின்றார். வெள்ளைச் சேட்டு, மூக்குக்கண்ணாடி. பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். "பொழுதுபடுமட்டும் பாப்பம், மிஸ்ரர் அருட்பிரகாசம். நீங்கள் ஆளைச் சொல்லாட்டி நாங்கள் லொறி பிடிச்சு உயிலங்குளம் போறம். லொறிக்கு டீசலும் பாத்தாச்சு."

"போய்?"

"கதைப்பம்" என்றார் தோமஸ். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் கதைப்பதற்குத் தென்னம்பாளை கொண்டு வந்திருந்தார்கள்.

*

உயிலங்குளம் போகிற பாலத்தில் சோழகக் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்தக் காற்று ஒருமுறை தலைமன்னாரில் ஒருவர் விட்ட தும்மலைத் தள்ளாடியில் கொண்டுபோய் இறக்கியதென்று சொல்வார்கள். சரிபுதீன் கூப்பன் பெற்றோலை நினைத்து மூச்சைக்கூடச் சிக்கனமாக விட்டான்.

சிங்கராசா வயல்கரையில் பெரிய வீட்டுக்காரர். ஆளும் பெரிய ஆள். வாசலில் "நாய் கவனம்" என்று தகரத்தில் எழுதித் தொங்கியது. உள்ளே மாமரத்தின் கீழ் கப்டன் என்கிற அந்தக் கடுவன் கால்களை நீட்டிக் கிடந்தது. அதன் விலாவில் ஒரு பேடு குந்தியிருந்தது.

"சேர், இதுவோ தகப்பன்?" என்றான் சரிபுதீன். "கோழி அடைகாக்குது."

"அது அதுக்குச் சூடு" என்றார் சிங்கராசா. குரலில் பயம் இருந்தது. "நான் ஒரு குட்டியும் எடுக்கேல்லை. வேணுமெண்டா வீட்டைத் தேடிப் பாருங்கோ."

"தேட வரேல்லை" என்றார் அருட்பிரகாசம். "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அச்சாரம் குடுத்தவை ஒவ்வொரு நாளும் போன் எடுத்தவை. உங்களுக்குச் சும்மா கிடைக்கிற குட்டி. அதுவும் முதல் தெரிவு. நீங்கள் ஏன் எத்தினை குட்டி எண்டுகூடக் கேக்கேல்லை?"

சிங்கராசா கப்டனைப் பார்த்தார். கப்டன் ஒரு கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"வெளியில சொல்லப்படாது."

"நாங்கள் சொல்லுறேல்லை" என்றான் சரிபுதீன். "இந்தக் கோழிக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்."

"கிறகரி லிண்டாவை இங்க கொண்டுவந்து விட்டவன். ரெண்டையும் கொட்டிலுக்கு விட்டுக் கதவைச் சாத்தினன். ரெண்டு நாளும் நான் ஓட்டையால பாத்தனான். லிண்டா சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டுது. இவன் குறட்டை."

"கிறகரிக்கு என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாம் சரி எண்டன். இவன்ர தகப்பன்ர பேரைச் சொல்லி எத்தினை ஊரில குட்டியள் நிக்குது. எப்பிடிச் சொல்லுறது, சொல்லுங்கோ. பிறகு ஏழு குட்டி எண்டு கேள்விப்பட்டன். ஆற்றையோ குட்டியில நான் என்னண்டு முதல் தெரிவு கேக்கிறது?"

"அப்ப றோட்டு நாய்தான்" என்றான் சரிபுதீன்.

"லிண்டா சேர்க்கைக்கு நிண்ட நாளெல்லாம் கிறகரி அவளைத் தன்ர அறைக்குள்ள வைச்சுப் பூட்டினவன். யன்னலுக்கும் வலை அடிச்சவன். இங்க கொண்டுவந்ததும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின்ர பெட்டிக்குள்ள மூடித்தான். அல்சேசனுக்கு அவன் அப்பிடிக் காவல்."

அருட்பிரகாசம் எழும்பினார். அவருடைய முகம், ரிக்கற் இல்லாதவன் தன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்ட முகம்.

"அப்ப தகப்பன் ஆர் சேர்?" என்று ஓட்டோவில் கேட்டான் சரிபுதீன்.

"வேகமா விடும். பொழுதுபடப் போகுது."

"சிங்கராசா கள்ளனில்லை. அது நல்ல செய்தியெல்லோ?"

"ஒருத்தருக்கு" என்றார் அருட்பிரகாசம்.

*

றோஸ்மேரி குசினியில் கழுவின கோப்பைகளைத் திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். அருட்பிரகாசம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். சரிபுதீன் கதவு நிலையில் சாய்ந்தான்.

"பிள்ளை, குட்டியைப் பறிகுடுத்த நாய் என்ன செய்யும்? வேலிக்கு வேலி மணந்து திரியும். ஊளையிடும். லிண்டா ஒரு இடமும் போகேல்லை. அவளுக்குத் தேட ஒண்டுமில்லை. குரும்பை மூண்டும் இருக்கு, செருப்பும் இருக்கு. அவளிட்டை ஒண்டும் களவு போகேல்லை."

றோஸ்மேரியின் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டேயிருந்தது. சரிபுதீன் போய் அதைப் பூட்டினான்.

"வயிறு வைச்சதுதான் ஐயா. பாலும் ஊறினது. சாக்கைக் கிளறிக் கிளறிப் படுத்தது. நான் பக்கத்திலேயே விளக்கோட இருந்தனான். ஒண்டுமே வரேல்லை."

"பெட்டை நாயளுக்கு அப்பிடி வாறதுதான். வயித்தில ஒண்டும் இல்லாமலே எல்லாம் நடக்கும். மிருக வைத்தியரிட்டைக் காட்டேல்லையோ?"

"கொண்டுபோக ஆரிட்டை பெற்றோல் இருந்தது?"

சரிபுதீன் நிலத்தைப் பார்த்தான்.

"விடியத் தோமஸ் ஐயா போன் எடுத்தார், எத்தினை குட்டி எண்டு. இண்டைக்கு வந்திடும், நாளைக்கு வந்திடும் எண்டு நினைச்சு ஒண்டு எண்டன். கடுவனோ எண்டார். ஓமெண்டன். பிறகு மற்றவை எடுத்தினம். உனக்கு இல்லை எண்டு ஆருக்குச் சொல்லுறது? போன் அடிக்க அடிக்க ஒவ்வொண்டாப் பிறந்தது ஐயா. ஏழாவது ஆள் எடுக்க ஏழாவது."

"தலை?"

"எல்லாரும் கேட்டினம், என்ர குட்டிக்குத் தலை பெரிசோ எண்டு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக அருட்பிரகாசத்தை நேராகப் பார்த்தாள். "அவருக்குத் தெரியாது. அவர் வாடியிலயிருந்து எடுத்து, போனைக் குட்டியளுக்குக் கிட்டப் பிடியடி, சத்தம் கேப்பம் எண்டவர். நித்திரை கொள்ளுதுகள் எண்டன். ஒரு கள்ளனைச் சொல்லுங்கோ ஐயா. பேர் தெரியாத கள்ளன். இரவில வந்தான், கொண்டு போயிட்டான். ஏழு பேரும் எஞ்சினை விட்டுப்போட்டுப் போவினம். அடுத்த முறை அவள் உண்மையா ஈனுவாள்."

"நான் நாலு கள்ளரைச் சொல்லுவன் சேர்" என்றான் சரிபுதீன். "ரெண்டு பேர் இப்பவும் மறியலில கம்பி எண்ணுறாங்கள். இன்னொரு களவு கூடினா அவங்களுக்கு ஒரு பெருமை." அவன் பகிடியாகத்தான் தொடங்கினான். முடிக்கும்போது அது பகிடியாக இருக்கவில்லை.

"வெளியில நிக்கிறவைக்குக் கள்ளன் ஏற்கெனவே ஆயத்தம்" என்றார் அருட்பிரகாசம். "பேர், ஊர், லொறிக்கு டீசல் எல்லாம் இருக்கு. களவு எண்டு நான் வாயெடுத்தா சிங்கராசான்ர மண்டை உடையும். நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்கு. பேரில்லாத கள்ளனை இந்த ஊர் ஒரு கிழமைகூட வைச்சிருக்காது, பிள்ளை."

குசினிக்குப் பின்புறம் ஒரு வாளி நிலத்தில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. கிறகரி. எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு விறாந்தைக்குப் போய்விட்டான்.

படலையைத் திறந்துகொண்டு தோமஸ் உள்ளே வந்தார். மற்றவர்கள் பின்னால். றோட்டில் லொறி உறுமிக்கொண்டு நின்றது.

"சொல்லுங்கோ. கள்ளன் ஆர்?"

"கள்ளனில்லை" என்றார் அருட்பிரகாசம்.

"அப்ப குட்டியள் எங்க?"

"குட்டியளும் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. லிண்டாவுக்குப் பொய் வயிறு."

தோமஸ் நிதானமாக, கந்தோரில் பிழையான பைலைக் கொண்டுவந்தவனுக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார். "இல்லை, மிஸ்ரர் அருட்பிரகாசம். நான் நீல நூல் குடுத்துவிட்டனான். றோஸ்மேரி கட்டினவ. வலது முன்னங்கால் வெள்ளை. வெள்ளிக்கிழமை கண் திறந்தது. நான் பேரும் வைச்சிட்டன்."

றோஸ்மேரி உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். அதற்குள் ஏழு நூல்களும் சுருட்டிய சுருட்டில் புதிதாக இருந்தன. தோமஸ் நீலத்தை எடுத்துப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று சரிபுதீன் எதிர்பார்த்தான். கோபப்பட்டால் அவனுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"களவெண்டு சொல்லியிருக்கலாம் நீங்கள்" என்றார் மெதுவாக. "களவெண்டால் எங்கையாவது உயிரோட எண்டாலும் நிக்கும்."

பின்னால் ஒருவர், "அப்ப எஞ்சின்?" என்றார்.

"எழுதினது எழுதினதுதான்" என்றார் தோமஸ். "நான்தான் எழுதினனான்."

கிறகரி படுக்கைவிரிப்பை ஏற்கெனவே எடுத்து நாலாக மடித்து வைத்திருந்தான். லொறிக்காரனைக் கேட்டார்கள். சண்டைக்கென்றுதான் டீசல் சேர்த்தது, எஞ்சின் ஏத்த எனக்குக் கட்டாது என்றுவிட்டு அவன் போய்விட்டான். எல்லாரும் சரிபுதீனின் ஓட்டோவைப் பார்த்தார்கள். பட்டணத்தில் பழைய எஞ்சின்களை விலைக்கு எடுக்கிற கடைவரை போக அவனிடம் பெற்றோல் இருந்தது. இல்லையென்று சொல்ல அவன் வாயெடுத்தான். கிறகரி அதற்குள் எஞ்சினின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தான்.

தோமஸ் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். பிடித்த விதம் பிழை.

"அப்பிடிச் சரிக்காதேங்கோ ஐயா. கீழ்ப்பக்கத்துத் தண்ணி மேல வந்து பிளக்குக்குள்ள இறங்கிப்போடும்" என்றான் கிறகரி. "விடுங்கோ. நான் வந்து பிடிக்கிறன்."

அவனே பின்சீட்டில் ஏறி எஞ்சினை மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொண்டான். தோமஸ் பக்கத்தில் நெருங்கி இருந்தார். அருட்பிரகாசத்துக்கு இடமில்லை. நடந்து வருகிறேன் என்றார். றோஸ்மேரி முற்றத்தில் நின்றாள். கழுவுவதற்கு அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லைப்போலும், கைகள் வெறுமனே தொங்கின.

தாழ்வுபாட்டு றோட்டில் குழியும் கிடங்கும் அதிகம். சரிபுதீன் ஒவ்வொரு கிடங்குக்கும் நின்று நின்று ஓட்டினான். பின்னால் கிறகரியின் குரல் மட்டும் கேட்டது.

"காலமையில குளிருக்கு உடன வராது ஐயா. சோக்கை இழுத்துப்போட்டு ரெண்டு தரம் மெதுவா இழுங்கோ. மூண்டாம் தரம் பலமா. கோவத்தில இழுத்தா வரவே வராது. எண்ணெய் கலக்கிறதை ஒருநாளும் குறைக்காதேங்கோ. கடலால வந்தோடன நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்கோ, எவ்வளவு களைப்பெண்டாலும்."

"ஓம்" என்றார் தோமஸ். "ஓம். ஓம்."

அவர் ஆயுளில் ஒருநாளும் வள்ளத்தில் ஏறியதில்லை.